மஞ்சள் கோடு

அபுதாபியின் முசஃபா பட்டறைத் தெருக்களில் வேலுச்சாமியை நேரில் பார்க்காதவர்களுக்குக்கூட அவருடைய மஞ்சள் கோட்டைத் தெரியும். செய்கு அலாவுதீன் பாயின் பட்டறையில் அப்படி ஒரு பழக்கம். ஒரு நட்டை முழுசாக இறுக்கி முடித்ததும், இறுக்கியவர் பெயிண்ட் பேனாவை எடுத்து, நட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். பின்னால் எப்போதாவது நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். வேலுச்சாமிக்கு மஞ்சள். சுஐபுக்குச் சிவப்பு.

கோடு போட்ட நட்டில் இன்னொருவர் ஸ்பேனர் வைக்கக் கூடாது. இது எங்கேயும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. ஆனால் வைத்தால், 'உன் கையை நான் நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்ன கணக்கு. ஒரு தடவை புதிதாக வந்த வெல்டர் ஒருவர் விஷயம் தெரியாமல் மஞ்சள் கோட்டு நட்டைத் திருகிப் பார்த்துவிட்டார். வேலுச்சாமி அவரிடம் நான்கு மாதம் பேசவில்லை. அவர் விசா கான்செல் ஆகி ஊருக்குப் போன அன்றுதான் கையைப் பிடித்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்றார்.

அந்தக் கோட்டில் அவருக்கு அவ்வளவு கர்வம். கர்வப்பட்டுக்கொள்ள அவரிடம் வேறு எதுவும் பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாத்தூருக்கு மேற்கே ஒரு கரிசல்காட்டு ஊர். ஊரில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர், தொண்ணூற்றெட்டில் அபுதாபி வந்து இறங்கினார். மனைவி வீரம்மாள், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் விஜி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. கேம்பில் எட்டுப் பேர் இருக்கும் ரூமில் ஒரு கீழ்க் கட்டில். இதெல்லாம் அங்கே எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் குளிர்காலம் தொடங்கி, மணல்மேட்டில் வண்டி விடும் அரபிப் பையன்கள் தங்கள் குவாட் வண்டிகளைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்று, "வென் வேலு?" என்று கேட்பார்கள் பாருங்கள், அந்தக் கேள்வி அவர் ஒருவருக்குத்தான் சொந்தம். வேலு எங்கே. முதலாளி எங்கே என்றுகூட இல்லை. ஒன்பது வருஷமாக அதைக் கேட்கக் கேட்க அவருக்குச் சலிக்கவில்லை.

குவாட் என்றால் நான்கு தடித்த சக்கரம் வைத்த மோட்டார் சைக்கிள். அதில் நூற்றுக்கணக்கானவற்றை அவர் பிரித்துப் பூட்டியிருக்கிறார். ஆனால் அவர் பூட்டிய வண்டி ஒன்று பாலைவனத்தில் ஓடுவதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பட்டறைக்கு முன்னால் உள்ள சந்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓட்டிப் பார்ப்பதோடு சரி. எப்படி ஓடியது, எந்த மேட்டில் ஏறியது என்பதெல்லாம் வண்டிக்காரர்கள் வந்து சொன்னால்தான் உண்டு. யாராவது ஒரு தடவை, 'நீயும் வா' என்று கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் நினைத்துக்கொள்வார். வாய்விட்டுக் கேட்டதில்லை.

இப்படி இருக்கையில் இரண்டாயிரத்து ஆறு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு பாலகுரு வந்து சேர்ந்தான்.

கம்பத்துக்காரன். முப்பத்து நான்கு வயது. சவூதியில் யான்புவில் ஆறு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். அவனுக்குப் பாய் வெள்ளைப் பேனாவைக் கொடுத்தார். ஆள் அதிகம் பேசமாட்டான். வேலுச்சாமியை முதல் நாளே "அண்ணே" என்றான். டீ வந்தால் முதல் கிளாஸை அவருக்கு நீட்டினான். வேலை முடிந்ததும் தன் இடத்தைத் துடைத்ததோடு நிற்காமல் அவர் இடத்தையும் சேர்த்துத் துடைத்தான். இதில் எதிலாவது ஒரு குறை கண்டுபிடிக்க முடிந்திருந்தால் வேலுச்சாமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே பெரிய குறையாகிவிட்டது.

ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு பாலகுரு சத்தம் கேட்பான். "வேஷம் போடுறான். டாக்டராம்ல" என்று சுஐபிடம் முணுமுணுப்பார் வேலுச்சாமி. சுஐபு காயல்பட்டினத்துக்காரர், நாற்பது வருஷத்தில் ஒருவரிடமும் சண்டை வளர்க்காதவர். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். வேலுச்சாமியும் அதே வேலையை அதே ஸ்க்ரூடிரைவரால்தான் ஒன்பது வருஷமாகச் செய்துவந்தார். அது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

டிசம்பர் மாதம் ஒரு நாள் வாசலில் வண்டி நிறுத்திய அரபிப் பையன், "வென் வேலு?" என்று கேட்டான். வேலுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பையன் அவருக்குச் சலாம் சொல்லிவிட்டு, "அந்தப் புதியவர்?" என்றும் கேட்டான். அவ்வளவுதான். அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் போட்டபோதும் அதே பேச்சு. கேட்டுக்கொண்டே இருந்த வீரம்மாள், "இங்க பாருங்க, அரை மணி நேரமா அந்தப் பாலகுரு பாலகுருன்னே பேசுறீங்க. விஜிக்கு அரைப் பரிச்சை முடிஞ்சு மார்க்கு வந்திருச்சு. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லைதான். கேட்டார். நல்ல மார்க்குதான் வாங்கியிருந்தாள். அதற்குள் போன் கார்டு தீர்ந்துவிட்டது.

ஜனவரியில் சேதுமாதவன் வந்தார். அபுதாபியில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர், மதராஸ்காரர், குடும்பத்தோடு இருப்பவர். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய ஸ்போர்ட் குவாட் ஒன்றை வாங்கியிருந்தார். பார்த்தாலே பாவமாக இருந்தது. ஏர் ஃபில்டர் முழுக்க மணல். அந்த மணலை எஞ்சினும் கொஞ்சம் தின்றிருந்தது. சீட்டு கிழிந்து பஞ்சு தொங்கியது. சேதுமாதவன் நேராக வேலுச்சாமியிடம் வந்து, "வேலுன்னா நீங்கதானே? மஞ்சள் கோடு?" என்றார். தமிழில் கேட்ட முதல் 'வென் வேலு' அது. வேலுச்சாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"விட்டுட்டுப் போங்க சார். புதுசாக்கித் தர்றேன். மணல்ல அம்பு மாதிரி போகும்."

"மணலுக்கு இல்லைங்க. ஹத்தா பக்கம் மலைக்குள்ள வாதி இருக்கே, அந்தக் கல்லுப் பாதையில ஓட்டணும். எங்க ஃபிரெண்ட்ஸ் நாலு பேர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போறாங்க."

"எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் வேலுச்சாமி.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் விழுங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பக்கத்தில் கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருந்த பாலகுரு நிமிர்ந்தான். அவன் பாவம், யாரையும் மட்டம் தட்ட நினைக்கவில்லை. "அண்ணே, கல்லுக்குன்னா கொஞ்சம் மாத்தணும்ணே" என்று அவரைப் பார்த்துத்தான் சொன்னான். மணலுக்குப் போடுகிற துடுப்பு டயர் கல்லில் கிழிந்துபோகும், கட்டை டயர் வேண்டும். முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தால்தான் மெதுவாக இழுத்து ஏறும். ஷாக் இவ்வளவு விறைப்பாக இருந்தால் ஓட்டுகிறவர் இடுப்பு போய்விடும். வயிற்றுக்கு அடியில் கல் இடிக்காமல் ஒரு அலுமினியத் தகடு கட்டாயம் என்று வரிசையாகச் சொன்னான்.

சேதுமாதவன் மெல்ல அவன் பக்கம் திரும்பினார். உடம்பு மட்டும் அல்ல, ஆளே திரும்பிவிட்டார். "எங்கே கத்துக்கிட்டீங்க?"

"யான்புல சார். அங்கிட்டு மணலு கம்மி, பூரா கல்லுதான்."

கண்ணாடி அறைக்குள்ளிருந்து பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வேலு, எஞ்சினை நீங்க பாத்துக்கிடுங்க. மத்ததெல்லாம் பாலகுரு பாக்கட்டும். கல்லு வேலை அவருக்குப் பழக்கம்" என்றார். வேலுச்சாமி, "அதுக்கென்ன பாய்" என்று சிரித்தார். அவர் காதில் வந்த புகையை வேறு யாரும் பார்க்கவில்லை.

மூன்று வாரம் வேலை நடந்தது. எஞ்சினைத் திறந்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றி வேலுச்சாமி இரண்டே நாளில் மூடிவிட்டார். அதைச் சீக்கிரம் முடித்தது அவர் செய்த தப்பு என்று பிறகு தோன்றியது. மீதி நாளெல்லாம் சும்மா நின்று பார்க்க வேண்டியதாயிற்று. பாலகுருவின் கைக்குள் வண்டி நாளுக்கு நாள் எழுந்து நின்றது. பேரிங் எல்லாம் மாறியது. அடித் தகடு அளவெடுத்து வெட்டி வளைந்து உட்கார்ந்தது. கைப்பிடிக்கு முள்ளும் கிளையும் படாமல் காப்பு வந்தது. நட்டுக்கு நட்டு வெள்ளைக் கோடு, வேலுச்சாமியின் கோட்டைவிட மெலிசாக, பேனா பிடித்து எழுதியது மாதிரி. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. கோட்டைக்கூடவா இவ்வளவு அழகாகப் போட வேண்டும்?

சேதுமாதவன் சாயங்காலங்களில் வந்து பாலகுருவோடு தரையில் குந்தி உட்கார்ந்து பேசுவார். வேலுச்சாமியைப் பார்த்தால் மரியாதையாகத் தலையாட்டுவார். மரியாதை மட்டும்தான்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை அவர் சொன்னது எல்லாவற்றுக்கும் மேலே போய்விட்டது. "பாலகுரு, வர்ற வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம். நீங்களும் எங்களோட வந்துடுங்க. வழியில ஏதாவது சரி பண்ணணும்னா ஆள் வேணும். பாய்கிட்ட கேட்டுட்டேன்."

ஒன்பது வருஷம் காத்திருந்த அழைப்பு, மூன்று மாதத்து ஆளுக்கு, அதுவும் அவர் காது கேட்க. வேலுச்சாமி குனிந்து தன் டூல் பெட்டியைத் தேவையே இல்லாமல் அடுக்கினார்.

வியாழக்கிழமை மதியம் பாலகுரு வந்து நின்றான். "அண்ணே, பின் அச்சோட பெரிய நட்டு பாக்கி இருக்கு. ஒங்க பெரிய ஸ்பேனரைக் கொஞ்சம் தாங்கண்ணே."

அந்த ஸ்பேனர் கடையில் வாங்கியது இல்லை. சாதாரண செட்டில் அந்த அளவு வராது. அதற்காகவே கழித்துப்போட்ட இரும்புப் பலகையை வேலுச்சாமி வெட்டி, ராவி, ஒரு முழக் குழாயைக் கைப்பிடியாகப் பற்றவைத்துச் செய்தது. அவர் காலடியில் இருந்த பெட்டிக்குள்தான் கிடந்தது.

"அது கேம்புல இருக்கு தம்பி. நாளன்னைக்குத்தான் எடுத்தார முடியும்."

"சரிண்ணே, பக்கத்துப் பட்டறையில கேட்டுப் பாக்குறேன்" என்று பாலகுரு போனான். ஐந்து மணிக்கு, பயணத்துக்குக் கையுறையும் டியூப் ஒட்டும் சாமானும் வாங்க டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டான். பாய் முன்னமே கிளம்பிவிட்டார். சுஐபு தொழப் போயிருந்தார். பட்டறையில் வேலுச்சாமியும் அந்தக் குவாட்டும் மட்டும்.

வண்டி அம்சமாக இருந்தது. அதை மனசார ஒத்துக்கொண்டபோதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நாளைக்கு ஹத்தாவில் நாலைந்து வண்டிக்காரர்கள் இதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். கோட்டைப் பார்த்ததும் யார் கை என்று கேட்பார்கள். வெள்ளை யாருப்பா என்பார்கள். அப்புறம் இந்த வாசலில் வந்து நின்று வேறு பெயர் கேட்பார்கள்.

மஞ்சள் பேனாவை எடுத்தார். குனிந்து ஒவ்வொரு வெள்ளைக் கோட்டின் மேலும் தடிமனாக மஞ்சளை இழுத்தார். கால் மணி நேரத்தில் வண்டி முழுக்க மஞ்சளாகிவிட்டது. கடைசியாகப் பின் அச்சின் பெரிய நட்டு. வெளியிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதில் வெள்ளைக் கோடே இல்லை. 'பாரு, பெரிய மெக்கானிக்கு. இறுக்கிட்டுக் கோடு போட மறந்துட்டான்' என்று அவருக்கு ஒரே குஷி. அந்த நட்டுக்கு மட்டும் மற்றதைவிடப் பெரிய கோடாகப் போட்டார். போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கேம்புக்குப் போனார். அன்று நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டீக்கடையில் பக்கத்துப் பட்டறை ஷம்சாத் பாய் உட்கார்ந்திருந்தார். லாரி மெக்கானிக், பஞ்சாபி, பெரிய மீசை. வேலுச்சாமியைக் கண்டதும், "அரே வேலு பாய், உன் ஆளுக்கு அந்த ஸ்பேனர் கிடைத்ததா?" என்று ஹிந்தியில் கேட்டார். "நேற்று வந்து கேட்டான். என்னுடையது சைட்டுக்குப் போயிருக்கிறது, மாஃபி, இல்லை என்று சொல்லிவிட்டேன். பாவம், கையாலேயே திருகி வைத்திருக்கிறேன், காலையில் எப்படியாவது பார்க்கணும் என்றான்."

கையால் திருகி வைத்திருக்கிறான். அதனால்தான் கோடு போடவில்லை. மறக்கவில்லை.

கல்லுப் பாதையில் வண்டி குதிக்கும் குதிப்பில் அந்த நட்டு கழன்றால் அச்சு நகரும், சங்கிலி அறுந்து சக்கரத்தில் மாட்டும், பின்சக்கரம் இரண்டும் நின்றுபோகும். ஓட்டுகிறவர் முன்னால் பறந்து கல்லில் விழுவார். இதை வேலுச்சாமிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு நினைப்பும் வந்தது. ஏதாவது ஆனாலும் அது பாலகுரு பார்த்த வண்டிதானே, கூடப் போனவனும் அவன்தானே. ஒரு மடக்கு டீ தொண்டையில் இறங்குகிற நேரம் அந்த நினைப்பு அவருக்குள் இருந்தது. இருந்தது என்பதைப் பிறகு அவரால் எப்போதும் மறக்க முடியவில்லை. கிளாஸை வைத்துவிட்டு மொபைலை எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே" என்றான் பாலகுரு. குரலில் ஒரே உற்சாகம். "ஹத்தா வந்தாச்சுண்ணே. பெட்ரோல் போட்டுக்கிட்டு இருக்கோம். இன்னும் பத்து நிமிசத்துல வண்டியை எறக்கிருவோம்."

"எறக்காத. அந்தப் பெரிய நட்டை ஒரு தடவை பாக்கணும்."

"பெரிய நட்டாண்ணே? அதுலதான் ஒங்க கோடு இருக்கே."

"இருந்தாலும் பாரு."

"நேத்து நைட்டு பாய்கிட்ட சாவி வாங்கி வந்து பாத்தேண்ணே. எல்லாத்துலயும் மஞ்சக் கோடு. மத்தியானம் இல்லேன்னு சொன்னாரு, பெறகு மனசு கேக்காம கேம்புக்குப் போயி ஸ்பேனரை எடுத்தாந்து, அதோட எல்லா நட்டையும் இன்னொருவாட்டி பாத்துட்டுப் போயிருக்காரேன்னு எனக்கு ரொம்பச் சந்தோசமாப் போச்சுண்ணே. சார்கிட்டயும் சொன்னேன்."

வேலுச்சாமி டீக்கடையை விட்டு வெளியே வந்து சுவர் ஓரமாக நின்றார். வெள்ளிக்கிழமைத் தெரு, ஈ காக்காய் இல்லை.

"தம்பி, நான் எதையும் இறுக்கல. கோடு மட்டுந்தான் போட்டேன்."

"எதுக்குண்ணே?"

"நீ வெள்ளை போட்டிருந்தே." வேலுச்சாமி பட்டறைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். "ஸ்பேனரும் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. வண்டியை எறக்காத. நான் எடுத்துக்கிட்டு வர்றேன்."

அவர் ஸ்பேனரோடு டீக்கடைக்குத் திரும்பி வந்ததும் ஷம்சாத் பாய் எழுந்தார். வேலுச்சாமியின் முகத்தைப் பார்த்தார், பிக்கப் சாவியை எடுத்தார். ஜும்ஆவை ஹத்தாவிலேயே தொழுதுகொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். இரண்டரை மணி நேரம், துபாயைத் தாண்டி, மணல் சிவப்பாகி, பிறகு மணலே தீர்ந்து மொட்டை மலைகள் வந்தன. ஒன்பது வருஷமாக வர ஆசைப்பட்ட வழி இது. வேலுச்சாமி மடியில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வாதி என்பது மழை வந்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற மலையாற்றுப் படுகை. அதன் வாயில் ஒரு வேலமரத்து நிழலில் எல்லோரும் இருந்தார்கள். நண்பர்களின் நான்கு குவாட்டுகள், சேதுமாதவனின் ஜீப், விரிப்பில் அவர் மனைவி ராதா, மகன் ரிஷி. சேதுமாதவனின் வண்டி இன்னும் டிரெய்லர் மேலேயே நின்றது. பிக்கப்பை விட்டு இறங்கும்போது, எல்லோரும் தன் சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள் என்று வேலுச்சாமி மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

சேதுமாதவன் ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தார். "என்னங்க வேலு நீங்க! ஒரு நட்டை இன்னொரு தடவை பாக்கணும்னு இவ்வளவு தூரமா? லீவு நாள்ல? பாலகுரு சொன்னார், நீங்க வர்ற வரைக்கும் வண்டியைத் தொடவே விடல அவர்."

ராதா ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினாள். "நீங்கதான் அந்த மஞ்சள் கோடா? வழி பூரா உங்களைப் பத்திதான் பேச்சு." ரிஷி வண்டியைச் சுற்றிவந்து, "யெல்லோ எவ்ரிவேர்ப்பா!" என்றான்.

பாலகுரு டிரெய்லர் பக்கத்தில் நின்றான். அவன் அவர்களிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. வேலுச்சாமியின் கண்ணைப் பார்க்கவும் இல்லை.

வேலுச்சாமி காபியை அப்படியே வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்தார். ஸ்பேனரைப் பொருத்தி இழுத்தார். முழுசாக ஒரு சுற்று. இன்னும் அரைச் சுற்று. அப்புறம்தான் நட்டு பிடித்தது. அவர் போட்ட பெரிய மஞ்சள் கோடு துண்டாகி, நட்டின் மேல் இருந்த பாதி அந்தப் பக்கமும் இரும்பின் மேல் இருந்த பாதி இந்தப் பக்கமுமாக நின்றது. முழுப் பலத்தையும் போட்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். இனி அது எந்த ஜென்மத்திலும் கழலாது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பாலகுரு பெட்ரோல் நனைத்த துணியால் கோட்டின் இரண்டு பாதியையும் துடைத்தான்.

"இறுக்கினது நீங்க. நீங்களே போடுங்கண்ணே" என்றான்.

"நீயே போடு தம்பி."

பாலகுரு பேனாவை எடுக்கவில்லை. கையை நீட்டி வேலுச்சாமியின் ஸ்பேனரை வாங்கினான். நட்டில் வைத்தான். ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். நட்டு அசையவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டைப்பையிலிருந்து வெள்ளைப் பேனாவை எடுத்து, மெலிசாக ஒரு கோடு போட்டான்.

நண்பர்களுக்கும் ராதாவுக்கும் அது ஒன்றுமே இல்லாத விஷயம். வேலுச்சாமிக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த வெல்டரிடம் நான்கு மாதம் பேசாமல் இருந்தவர், இவனிடம் என்ன கோபப்பட முடியும்? பாலகுரு அதோடு விடவில்லை. ஸ்பேனர் செட்டை விரித்துவைத்து, வண்டி முழுக்க இருந்த மஞ்சள் கோட்டு நட்டுகளை ஒவ்வொன்றாக, நிதானமாக, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கீழே இறக்கினான். எஞ்சினைத் தவிர எல்லாம் அவனே இறுக்கியவை.

வண்டி கிளம்பியது. தான் உயிர் கொடுத்த எஞ்சின் கல்லில் ஏறும்போது என்ன சத்தம் போடும் என்பதை அன்றுதான் வேலுச்சாமி கேட்டார். முதல் திருப்பத்தில் பாறைமேல் முன்சக்கரம் இரண்டும் ஏற, வண்டி மூச்சுப் பிடித்து மெதுவாக இழுத்து, பின்சக்கரம் கல்லைக் கவ்வி, அந்தப் பக்கம் சுகமாக இறங்கியது. குறைத்த ஒரு பல் செய்த வேலை அது. சேதுமாதவன் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாலகுருவுக்கா, அவருக்கா என்று அத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் வேலுச்சாமி அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பட்டறையில் பாய் எல்லோர் முன்னாலும் அவரைப் புகழ்ந்தார். "லீவு நாள்ல ஹத்தா வரைக்கும் போயிருக்காரு. இதுதான் தொழில் பக்தி." சுஐபு கையைப் பிடித்துக் குலுக்கினார். பாலகுரு ஒரு சொல்லும் சொல்லவில்லை, அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. பழையபடி "அண்ணே" என்றான். டீ வந்தால் முதல் கிளாஸை அவருக்கு நீட்டினான். பெரிய ஸ்பேனர் இப்போது பெட்டிக்குள் இல்லை. வேலுச்சாமி சுவரில் ஆணியடித்து, எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி மாட்டிவிட்டார்.

வாசலில் வண்டிகள் இன்னும் வந்தன. பாதிப் பேர் வேலுவைக் கேட்டார்கள், பாதிப் பேர் பாலகுருவை. பாலகுருவைக் கேட்கும்போதெல்லாம் வேலுச்சாமிக்கு வயிறு முன்பு எரிந்தது போலவே எரிந்தது. இந்த விஷயத்தில் அவர் திருந்தினார் என்று சொன்னால் அது பொய்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. வண்டியை வெளியே விடும் முன்பு, வேலுச்சாமி கை கழுவப் போகிற நேரமாகப் பார்த்து, பாலகுரு குனிந்து ஒவ்வொரு மஞ்சள் கோட்டு நட்டிலும் ஸ்பேனரை வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பான். சத்தம் வராமல் செய்வான். அவர் மனசு நோகக் கூடாது என்பதற்காக. வேலுச்சாமிக்கு அது தெரியும். அதனால் கை சுத்தமான பிறகும் குழாயை மூடாமல், அவன் முடித்து எழுந்திருக்கிற வரைக்கும், சுவரைப் பார்த்தபடி கையைக் கழுவிக்கொண்டே நிற்பார்.

வெள்ளைக் கோட்டு நட்டை அந்தப் பட்டறையில் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.